இமயமலையில் ஏன் எரிமலை இல்லை, ஹவாயில் ஏன் இருக்கிறது?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருவரின் கேள்வி: "புவித்தட்டுகள் மோதி உரசும்போது பாறை உருகி எரிமலை உண்டாகிறது என்று படித்தேன். அப்படியானால் இரண்டு பெரிய தட்டுகள் மோதுகிற இமயமலையில் ஏன் எரிமலைத் தொடர் இல்லை? பக்கத்தில் எந்தத் தட்டு எல்லையும் இல்லாத ஹவாயில் மட்டும் எப்படி வந்தது?"

உரசலால் பாறை உருகுகிறது என்பது சரியாக இருந்தால், உலகிலேயே பெரிய எரிமலைத் தொடர் இமயமலைதான் என்று ஆகியிருக்க வேண்டும். அப்படி ஆகவில்லை. எனவே அந்த விளக்கத்தில்தான் கோளாறு. தட்டு எல்லை எங்கே ஓடுகிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், "இந்த இடத்தில் பாறை உருகுவதற்கு என்ன காரணம் இருக்கிறது?" என்று கேட்டுப் பழகுங்கள். காரணம் இருந்தால் எரிமலை இருக்கும். இல்லையென்றால் தட்டுகள் எவ்வளவு மோதினாலும் நிலநடுக்கமும் மலையும்தான் மிஞ்சும்.

அதற்கு முன்னால் பலர் மனத்திலும் பதிந்துபோன ஒரு தவறான படத்தை அழித்தாக வேண்டும். மேலோட்டுக்குக் கீழே சிவப்பாக ஒரு குழம்புக் கடல், அதன்மேல் தட்டுகள் மிதந்து போகின்றன என்று வரைந்திருப்பார்கள். அப்படி ஒரு கடல் கிடையாது. மேலோட்டுக்கு அடியிலிருந்து சுமார் 2,900 கி.மீ. ஆழம் வரை இருக்கும் கவசம் திண்மப் பாறை. இதற்குச் சான்று நிலநடுக்க அலைகள். எஸ் அலைகள் திரவத்தின் வழியே போகாது. கவசத்தின் வழியே அவை நன்றாகப் போகின்றன; 2,900 கி.மீ. ஆழத்தில் வெளிக்கருவத்தைத் தொட்டதும் நின்றுவிடுகின்றன. திரவமாக இருப்பது அந்த வெளிக்கருவம். அது உருகிய இரும்பும் நிக்கலும். எந்த எரிமலையின் குழம்பும் அங்கிருந்து வருவதில்லை. பெரும்பாலான எரிமலைகளுக்குக் குழம்பு உருவாவது சுமார் 50 முதல் 150 கி.மீ. ஆழத்துக்குள், மேல்கவசத்தில்.

திண்மமாக இருந்தாலும் கவசப் பாறை அந்தச் சூட்டில், அந்த அழுத்தத்தில், ஆண்டுக்குச் சில செ.மீ. என்ற கணக்கில் மெல்ல மெல்ல ஓடக்கூடியது. "திண்மம் எப்படி ஓடும்?" என்று தோன்றும். பனியாறு திண்மப் பனிதான். அதுவும் பள்ளத்தாக்கில் இறங்கி ஓடத்தானே செய்கிறது?

தட்டு என்றால் மேலோடு மட்டும் என்று எழுதுவதும் அடிக்கடி வரும் பிழை. கடலடி மேலோட்டின் தடிமன் சுமார் 7 கி.மீ., கண்ட மேலோட்டின் சராசரி சுமார் 35 கி.மீ. தட்டின் தடிமனோ சுமார் 100 கி.மீ.; பழைய கண்டங்களின் அடியில் அதற்கும் மேல். மேலோடும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கவசத்தின் குளிர்ந்த, இறுகிய மேல்பகுதியும் சேர்ந்ததுதான் பாறைக்கோளம். தட்டுகளாகத் துண்டுபட்டு நகர்வது அதுதான்.

பாறை உருகும் வழிகள்

திண்மக் கவசத்தில் குழம்பு உண்டாக வேண்டுமானால் மூன்றில் ஒன்று நடக்க வேண்டும்: அழுத்தம் குறைய வேண்டும், தண்ணீர் சேர வேண்டும், அல்லது வழக்கத்தைவிடச் சூடான பாறை கீழிருந்து வர வேண்டும்.

அழுத்தக் குறைவுதான் பலருக்கும் புரியாமல் போவது. பிரஷர் குக்கருக்குள் தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறினாலும் தண்ணீராகவே இருக்கிறது. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால், அடுப்பை அணைத்துவிட்டாலும் உள்ளே கொதித்துப் பொங்கும். பாறையின் உருகுநிலையும் இப்படித்தான் அழுத்தத்தோடு ஏறி இறங்குகிறது. மேல்கவசத்தின் பாறைக்குப் பெரிடோடைட் என்று பெயர். தண்ணீர் சேராத பெரிடோடைட் தரைமட்ட அழுத்தத்தில் சுமார் 1,120 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். 60 கி.மீ. ஆழத்தில் அதற்குச் சுமார் 1,360 டிகிரி வேண்டும், 100 கி.மீ. ஆழத்தில் 1,450 டிகிரிக்கும் மேல் வேண்டும்.

இப்போது 1,350 டிகிரி சூட்டில் 100 கி.மீ. ஆழத்தில் கிடக்கும் பாறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உருக அதற்குச் சூடு போதாது, திண்மமாகவே கிடக்கும். மேலே இரண்டு தட்டுகள் விலகுகின்றன. உண்டான இடைவெளியை நிரப்ப அந்தப் பாறை மெல்ல மேலேறுகிறது. ஏறும் வழியில் அதன் சூடு அதிகம் குறைவதில்லை, அழுத்தம் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. சுமார் 60 கி.மீ. ஆழத்துக்கு வந்ததும் அதே சூடு உருகப் போதுமானதாகிவிடுகிறது. யாரும் தீ மூட்டவில்லை, எதுவும் உரசவில்லை. தட்டுகள் விலகியதாலேயே குழம்பு பிறந்துவிட்டது. விலகும் எல்லைகளில் நடப்பது இதுதான். பாறை முழுவதும் உருகிவிடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். சுமார் 10 முதல் 20 சதவீதம்தான் உருகும். படிகங்களுக்கு நடுவே கசியும் அந்தத் துளிகள் சுற்றியுள்ள பாறையைவிட எடை குறைந்தவை. ஒன்றுசேர்ந்து மேலே ஏறுகின்றன. வெளியே வந்து இறுகினால் அதுதான் பாசால்ட், அதாவது கருங்கல் நிறத்தில் கனமாக இருக்கும் எரிமலைப் பாறை.

நடுக்கடல் மலைத்தொடர்கள் முழுவதும் இப்படி உருவானவை. உலகைச் சுற்றி ஏறத்தாழ 65,000 கி.மீ. நீளத்துக்கு அவை ஓடுகின்றன. பூமியில் வெளிவரும் எரிமலைக் குழம்பில் பெரும்பகுதி அங்கேதான் வருகிறது. தண்ணீருக்கு அடியில் நடப்பதால் செய்தியில் வருவதில்லை. அட்லாண்டிக் மலைத்தொடர் கடலுக்கு மேலே தலைகாட்டும் பெரிய இடம் ஐஸ்லாந்து. அங்கே தட்டுகள் விலகுவதோடு ஒரு வெப்பப்புள்ளியும் (ஆழத்திலிருந்து சூடான பாறை எழுந்து வரும் இடம்) சேர்ந்திருப்பதால் குழம்பு கூடுதலாக வந்து தீவாகவே உயர்ந்துவிட்டது.

அமிழும் தட்டும் தண்ணீரும்

பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள நெருப்பு வளையத்தின் எரிமலைகளுக்குக் காரணம் இரண்டாவது வழி. அங்கே கடலடித் தட்டு இன்னொரு தட்டின் அடியில் அமிழ்ந்து போகிறது. இங்கேதான் "தட்டு கீழே போய் உருகி எரிமலையாகிறது" என்று எழுதுகிறார்கள். பெரும்பாலான இடங்களில் அமிழும் தட்டு உருகுவதே இல்லை. பல கோடி ஆண்டுகள் கடலடியில் கிடந்து குளிர்ந்த தட்டு அது. அது இறங்குகிற இடம் அதே ஆழத்தில் மற்ற இடங்களைவிடக் குளிர்ச்சியானது. அப்படியிருக்க எரிமலை எங்கிருந்து வருகிறது?

கடலடி மேலோடு உருவான நாளிலிருந்து கடல்நீரில் ஊறுகிறது. விரிசல்கள் வழியே நீர் இறங்கி, பாறையின் தாதுக்களோடு வேதிமுறையில் சேர்ந்துவிடுகிறது. சர்ப்பென்டைன், ஆம்பிபோல் போன்ற தாதுக்களின் படிகத்துக்குள்ளேயே நீர் இருக்கிறது. மேலே படிந்த களிமண்ணிலும் நீர் உண்டு. தட்டு அமிழும்போது இவ்வளவு நீரும் கூடவே கீழே போகிறது. அழுத்தமும் சூடும் ஏற ஏற அந்தத் தாதுக்களால் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. தட்டின் மேற்பரப்பு சுமார் 100 கி.மீ. ஆழத்தை எட்டும் வட்டாரத்தில் நீர் கணிசமாக வெளியேறி, தட்டுக்கு மேலே ஆப்பு வடிவில் இருக்கும் சூடான கவசப் பாறைக்குள் ஏறுகிறது. உலர்ந்த நிலையில் 1,450 டிகிரிக்கு மேல் கேட்ட அந்தப் பாறை, நீர் சேர்ந்ததும் 1,000 டிகிரி அளவிலோ அதற்கும் கீழோ உருகத் தொடங்கிவிடுகிறது. அங்கே ஏற்கெனவே அதைவிட அதிகச் சூடு இருக்கிறது. ஆக, உருகுவது மேலே இருக்கும் கவச ஆப்பு. அமிழும் தட்டு நீரைக் கொண்டுவந்து கொடுக்கிறது. தேர்வில் "அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள கவசப் பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டால் விடை முழுமையாகிவிடும்.

இந்த 100 கி.மீ. என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போடலாம். தட்டு அமிழத் தொடங்கும் இடத்தில் கடலடியில் ஆழமான பள்ளம் இருக்கும், அதுதான் அகழி. அகழியிலிருந்து எரிமலை வரிசை எவ்வளவு தூரம் தள்ளி இருக்கும்? தட்டு 45 டிகிரி சாய்வில் இறங்கினால் 100 கி.மீ. தள்ளி, 30 டிகிரி சாய்வென்றால் 100-ஐ டான் 30-ஆல் வகுக்க, சுமார் 173 கி.மீ. தள்ளி, 60 டிகிரி என்றால் சுமார் 58 கி.மீ. உண்மையில் தட்டு முதலில் மெதுவாக வளைந்து, பிறகுதான் செங்குத்தாக இறங்குகிறது. அதனால் பல இடங்களில் தூரம் இதைவிடக் கூடி 150 முதல் 300 கி.மீ. வரை வரும். எப்படியானாலும் எரிமலை அகழியின் மேலேயே நிற்காது. அகழியும் எரிமலை வரிசையும் ஒன்றுக்கொன்று இணையாக, நடுவில் இடைவெளி விட்டுத்தான் ஓடும். அட்லஸில் ஜப்பானையோ சிலியையோ பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்.

இந்த விளக்கம் சரியா என்று சோதித்துப் பார்க்க ஏற்ற இடம் தென் அமெரிக்கா. நாஸ்கா தட்டு அந்தக் கண்டத்தின் மேற்குக் கரை நெடுக அமிழ்கிறது. ஆனால் எரிமலைகள் கரை நெடுக இல்லை. பெருவின் வடக்கிலும் நடுப்பகுதியிலும், சிலியின் நடுப்பகுதியில் ஒரு பட்டையிலும் இன்று செயல்படும் எரிமலைகள் கிடையாது. அந்த இரண்டு இடங்களிலும் தட்டு 100 கி.மீ. அளவு ஆழத்துக்குப் போனதும் கிடைமட்டமாகத் திரும்பி, தென் அமெரிக்கத் தட்டின் அடியில் ஒட்டியபடி பல நூறு கி.மீ. உள்ளே போகிறது. நடுவே சூடான கவச ஆப்புக்கு இடமே இல்லை. நீர் வெளியேறினாலும் உருகுவதற்கு அங்கே பாறை இல்லை. மோதல் இருக்கிறது, உரசல் இருக்கிறது, பெரிய நிலநடுக்கங்கள் வருகின்றன. எரிமலை மட்டும் இல்லை. உரசல் விளக்கத்தால் இதற்குப் பதில் சொல்லவே முடியாது.

பக்கவாட்டு நகர்வு எல்லையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் தட்டுகள் உரசிக்கொண்டே போகின்றன. இடைவெளி உண்டாவதில்லை, நீர் கீழே போவதில்லை. அதனால் நிலநடுக்கம் உண்டு, எரிமலை இல்லை.

இமயமலைக்கு வருவோம்

இந்தியாவுக்கும் யூரேசியாவுக்கும் நடுவே ஒரு காலத்தில் டெத்திஸ் கடல் இருந்தது. அந்தக் கடலடித் தட்டு வடக்கே யூரேசியாவின் அடியில் அமிழ்ந்துகொண்டிருந்தவரை, நீரும் கீழே போய்க்கொண்டிருந்தது. அங்கே எரிமலைகளும் இருந்தன. அதற்கான தடயம் இன்றும் நிற்கிறது. லடாக்கில் லே நகரின் வடக்கே உயரும் மலைகளின் கிரானைட், அந்தப் பழைய எரிமலை வரிசையின் அடியில் இறுகிப்போன மாக்மா, அதாவது நிலத்துக்குள் இருக்கும் பாறைக் குழம்பு. மேலே இருந்த எரிமலைகள் அரிக்கப்பட்டு, அவற்றின் வேர் இப்போது வெளியே தெரிகிறது.

சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் தீர்ந்து கண்டத்தோடு கண்டம் மோதியது. கண்ட மேலோட்டின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்குச் சுமார் 2.7 கிராம், கவசத்தின் அடர்த்தி 3.3 கிராம். எடை குறைந்த கண்டம் கவசத்துக்குள் ஆழமாக அமிழ மறுக்கிறது. நீர் ஊறிய கடலடித் தட்டு கீழே போவது நின்றுவிட்டதால் நீர் வரத்தும் நின்றது. மேலோடு ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து ஏறி, தடிமன் சாதாரணக் கண்டத்தைப்போல் இரண்டு மடங்காக, 70 கி.மீ. அளவுக்கு வந்துவிட்டது. அந்தத் தடித்த மேலோட்டுக்குள் சில இடங்களில் பாறை உருகத்தான் செய்தது. ஆனால் அது சிலிக்கா மிகுந்த, இறுகலான குழம்பு. மேலே வர முடியாமல் உள்ளேயே கிரானைட்டாக உறைந்துவிட்டது. இமாசலத்தின் மணிகரணிலும் லடாக்கின் புகாவிலும் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். மழைநீரும் பனிநீரும் பிளவுகள் வழியே ஆழமாக இறங்கிச் சூடேறித் திரும்பி வருகின்றன. வெந்நீர் ஊற்று இருந்தால் அங்கே எரிமலையும் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதே இந்தியத் தட்டு கிழக்கே அந்தமான் பக்கம் நடந்துகொள்வது வேறு மாதிரி. அங்கே அமிழ்வது கடலடிப் பகுதி. அதனால் எரிமலை உண்டு. போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தொலைவில் உள்ள பாரன் தீவு இந்தியாவின் ஒரே செயல்படும் எரிமலை. கடலுக்கு மேலே தெரிவது சுமார் 350 மீட்டர்தான். கடலடியிலிருந்து அளந்தால் 2 கி.மீ.க்கும் மேல். 1787-ல் அது குமுறியது பதிவாகியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு சத்தமில்லாமல் இருந்துவிட்டு, 1991-ல் மீண்டும் வெடித்தது. அதற்கு வடக்கே இருக்கும் நார்கொண்டம் தீவும் இதே வரிசையைச் சேர்ந்த உறங்கும் எரிமலை. இந்த அமிழ்வு எல்லைதான் 2004 டிசம்பர் 26 அன்று ஏறத்தாழ 1,300 கி.மீ. நீளத்துக்குப் பிளந்து, 9.1 அளவு நிலநடுக்கத்தையும் நாகப்பட்டினம், கடலூர், இலங்கைக் கரைகளைத் தாக்கிய சுனாமியையும் உண்டாக்கியது. எல்லை ஒன்றுதான். அகழிப் பக்கம் தட்டு சிக்கி விடுபடும் இடத்தில் நிலநடுக்கம். அங்கிருந்து கிழக்கே தள்ளி, தட்டு ஆழமாகப் போன இடத்துக்கு மேலே எரிமலை.

ஹவாய், தக்காணம்

ஹவாய்க்கு மூன்றாவது வழி. கவசத்தின் ஆழத்திலிருந்து, சுற்றியுள்ளதைவிடச் சூடான பாறை தூண்போல எழுந்து வருகிறது. வரும் பாறையும் திண்மம்தான். மேலே வந்து அழுத்தம் குறையும்போது உருகுகிறது. இதை வெப்பப்புள்ளி என்கிறோம். கனடாவின் டூசோ வில்சன் 1963-ல் முன்வைத்த கருத்து இது. வெப்பப்புள்ளி ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்க, மேலே பசிபிக் தட்டு வடமேற்கு நோக்கி நகர்கிறது. எரிமலை தட்டோடு நகர்ந்து, குழம்பு வரத்து அறுந்து அணைகிறது; வெப்பப்புள்ளிக்கு மேலே வந்த புதிய இடத்தில் அடுத்தது பிறக்கிறது.

தட்டின் வேகத்தை இதிலிருந்து நீங்களே கணக்கிடலாம். ஹவாய் தீவில் இன்று குமுறும் கிலாவேயா எரிமலையிலிருந்து அதே தீவுச் சங்கிலியின் கௌவாய் தீவு சுமார் 500 கி.மீ. தூரம். கௌவாயின் பாறைகளுக்கு வயது சுமார் 50 லட்சம் ஆண்டுகள். 500 கி.மீ. என்பது 5 கோடி செ.மீ.; 50 லட்சத்தால் வகுத்தால் ஆண்டுக்கு 10 செ.மீ. இங்கே மாணவர்கள் தடுமாறுவது அலகு மாற்றத்தில். ஒரு கி.மீ.க்கு ஒரு லட்சம் செ.மீ. என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டுத் தொடங்குங்கள். தீவுகளும் கடலுக்குள் மூழ்கிய எரிமலைகளுமாக இந்தச் சங்கிலி ஏறத்தாழ 6,000 கி.மீ. நீள்கிறது. நடுவில் ஓரிடத்தில் வடக்கு நோக்கித் திடீரென்று வளைகிறது. வளைவின் வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். அடுத்த தீவுக்கும் வேலை தொடங்கிவிட்டது. ஹவாய் தீவின் தென்கிழக்கே கடலடியில் வளரும் எரிமலையின் உச்சி இப்போது கடல்மட்டத்துக்குச் சுமார் 1 கி.மீ. கீழே இருக்கிறது.

நம் பக்கத்து உதாரணம் இதைவிடப் பெரியது, பாடத்தில் ஓரிரு வரியோடு போய்விடுகிறது என்பதுதான் வருத்தம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியத் தட்டு வடக்கே போகும் வழியில் ஒரு வெப்பப்புள்ளியைக் கடந்தது. பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்துப்படி அப்போது பொங்கிய குழம்புதான் தக்காணப் பீடபூமியின் பாசால்ட். இன்று மிஞ்சியிருப்பதே சுமார் 5 லட்சம் சதுர கி.மீ.; மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அடுக்கின் தடிமன் 2 கி.மீ. வரும். அங்கே மலைச்சரிவு படிக்கட்டுப்போலத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு படியும் தனித்தனிக் குழம்பு ஓட்டம் என்பதே. தட்டு மேலும் வடக்கே நகர, அதே வெப்பப்புள்ளி கடலடியில் கோடு போட்டபடி வந்தது: லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் பவளத்துக்கு அடியில் இருப்பது அந்த எரிமலைப் பாறை. பிறகு நடுக்கடல் மலைத்தொடர் வெப்பப்புள்ளிக்கு மேலே கடந்துபோனதால், கோட்டின் மீதி ஆப்பிரிக்கத் தட்டில் தொடர்கிறது: மொரீஷியஸ், கடைசியாக ரீயூனியன். ரீயூனியனின் பிதோன் டி லா பூர்னேஸ் இன்றும் அடிக்கடி குமுறும் எரிமலை. அட்லஸில் மும்பையிலிருந்து ரீயூனியன் வரை இந்தப் பெயர்களை ஒரு பென்சில் கோட்டால் இணைத்துப் பாருங்கள்.

ஏன் ஒன்று வழிகிறது, ஒன்று வெடிக்கிறது

குழம்பில் சிலிக்கா எவ்வளவு, வாயு எவ்வளவு என்ற இரண்டும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. பாசால்ட் குழம்பில் சிலிக்கா 50 சதவீத அளவு, சூடு 1,100 முதல் 1,200 டிகிரி. அது இளகி ஓடும். வாயு குமிழாகி எளிதில் வெளியேறிவிடும். அதனால் ஹவாயில் சரிவு குறைந்த, அகன்ற கேடய எரிமலைகள். அமிழ்வு எல்லைகளில் குழம்பு தடித்த மேலோட்டின் வழியே ஏறும்போது தங்கித் தங்கி, படிகங்கள் பிரிந்து, சுற்றியுள்ள பாறையையும் கரைத்துக்கொண்டு சிலிக்கா கூடுகிறது. 70 சதவீதம் தாண்டிய குழம்பின் சூடு 700 முதல் 850 டிகிரிதான். பாகுத்தன்மை பல லட்சம் மடங்கு கூடுதல். கூடவே கீழிருந்து வந்த நீரும் அதில் கரைந்திருக்கிறது. மேலே வர அழுத்தம் குறைந்து நீர் ஆவியாகப் பிரிகிறது. இறுகிய குழம்பிலிருந்து குமிழிகள் தப்ப முடியாது. குமிழிகளின் பங்கு முக்கால் பாகத்தை நெருங்கும்போது குழம்பே துண்டுதுண்டாகச் சிதறுகிறது. எரிமலைச் சாம்பல் என்பது இப்படி உடைந்த கண்ணாடித் தூள். எதுவும் எரிந்து உண்டானதல்ல. அதனால்தான் அது தண்ணீரில் கரைவதில்லை, நுரையீரலையும் விமான எஞ்சினையும் கெடுக்கிறது. நனைந்தால் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பிலிப்பைன்ஸின் பினட்டுபோ 1991 ஜூன் 15 அன்று வெடித்தபோது அதே நாளில் புயல்மழையும் சேர்ந்தது. நனைந்த சாம்பலின் பாரம் தாங்காமல் கூரைகள் இடிந்துதான் அன்று பலர் இறந்தார்கள்.

பினட்டுபோவை ஒரு வெற்றியாகவும் படிக்க வேண்டும். சுமார் 500 ஆண்டுகள் உறங்கிய மலை அது. மே 13-ல் நாளுக்கு 500 டன்னாக இருந்த கந்தக டை ஆக்சைடு இரண்டு வாரத்தில் 5,000 டன்னாக ஏறியது. நிலநடுக்கமானிகள் குழம்பு மேலேறுவதைக் காட்டின. பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டார்கள். வெடிப்பில் மேல்வளிமண்டலத்துக்குப் போன சுமார் 2 கோடி டன் கந்தக டை ஆக்சைடு, அடுத்த ஆண்டு உலகச் சராசரி வெப்பநிலையை ஏறத்தாழ அரை டிகிரி குறைத்தது. கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1985 நவம்பர் 13 இரவு 9 மணியளவில் சிறிய வெடிப்புத்தான். ஆனால் அது உச்சியின் பனியை உருக்கியது. உருகிய நீர் சேறாகத் திரண்டு ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி 11.30 மணியளவில் ஆர்மெரோ நகரை மூடியது. இறந்தவர்கள் சுமார் 23,000 பேர். ஆபத்து வரைபடம் முந்திய மாதமே தயாராக இருந்தது. நகரத்துக்கும் மலைக்கும் நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. மக்களை நகர்த்தும் உத்தரவு மட்டும் போய்ச் சேரவில்லை. எரிமலை ஆபத்து என்றால் லாவா என்று மட்டும் எழுதாதீர்கள். மனிதர் நடந்தே தப்பக்கூடியது பெரும்பாலும் லாவாதான்; உயிரைக் குடிப்பது சூடான சாம்பல் மேகப் பாய்ச்சல், சேற்றுப் பெருக்கு, சுனாமி. 1883-ல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது இறந்த 36,000-க்கும் மேற்பட்டோரில் மிகப் பலரைக் கொன்றது கடலலை.

தட்டுகளை நகர்த்துவது எது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வெப்பச்சலனம் தட்டுகளைக் கீழிருந்து இழுத்துச் செல்கிறது என்று மட்டும் எழுதுவது அரைகுறை. அமிழும் தட்டு குளிர்ந்திருப்பதாலும், ஆழத்தில் அதன் பாசால்ட் எக்லோகைட் என்ற 3.5 கிராம் அடர்த்தியுள்ள பாறையாக மாறுவதாலும் தன் எடையாலேயே இறங்கி, பின்னால் உள்ள தட்டை இழுக்கிறது. முதன்மையான விசை அதுதான். பசிபிக், நாஸ்கா போல அமிழும் விளிம்பு அதிகமுள்ள தட்டுகள் வேகமாகவும், யூரேசியாவும் ஆப்பிரிக்காவும் மெதுவாகவும் நகர்வது இதனால்தான்.

படம் வரையும்போது

அமிழ்வு எல்லைப் படத்துக்கு 1 செ.மீ. = 20 கி.மீ. என்ற அளவை வையுங்கள். கடல் தட்டின் தடிமன் 80 கி.மீ. என்று கொண்டால் 4 செ.மீ.; அதில் மேலோடு வெறும் மூன்றரை மி.மீ. கண்ட மேலோடு 35 கி.மீ. என்பது 1.75 செ.மீ. அகழியிலிருந்து 30 டிகிரி சாய்வில் தட்டை இறக்கினால், அதன் மேற்பரப்பு 5 செ.மீ. ஆழத்தைத் தொடும் இடம் பக்கவாட்டில் 8.7 செ.மீ. தள்ளி வரும். அந்த இடத்துக்கு நேர் மேலே எரிமலை. 3 கி.மீ. உயர எரிமலையின் உயரம் இந்த அளவில் ஒன்றரை மி.மீ.தான், தெரிவதற்காகப் பெரிதாக வரைந்தால் "உயரம் அளவுக்கு உட்பட்டதல்ல" என்று ஓரத்தில் எழுதுங்கள். மாக்மா அறை தரையிலிருந்து 5 முதல் 10 கி.மீ. ஆழத்தில், அதாவது கால் முதல் அரை செ.மீ. கீழே. சிவப்பு நிறம் மூன்றே இடத்தில்: தட்டுக்கு மேலுள்ள கவச ஆப்பின் உருகும் பகுதி, அங்கிருந்து ஏறும் குழம்பின் வழி, மாக்மா அறை. கவசம் முழுவதற்கும் சிவப்பு அடிப்பதும், எரிமலையை அகழியின் உச்சியிலேயே நிறுத்துவதும், குழாயைக் கருவம் வரை இறக்குவதும்தான் மதிப்பெண் போகும் இடங்கள். நீர் வெளியேறுவதைத் தட்டின் மேற்பரப்பிலிருந்து மேல்நோக்கி மூன்று நான்கு நீலக் குறிகளால் காட்டுங்கள்.

அது முடிந்ததும் பக்கத்திலேயே பெருவுக்கு ஒன்று வரையுங்கள். அதே அளவு, அதே 30 டிகிரி. ஆனால் 5 செ.மீ. ஆழம் வந்ததும் தட்டைக் கிடைமட்டமாகத் திருப்பி, கண்டத் தட்டின் அடியில் இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டு போங்கள். அந்தப் படத்தில் சிவப்புப் பென்சிலுக்கு வேலை இருக்காது.